கடன் கொப்பியில் எங்கள் பெயர்



இந்த நூற்றாண்டு விழாவில் அதிபர்களையும் ஆசிரியர்களையும் பலர் நினைவுகூர்ந்தார்கள். பாடசாலை மதிலுக்கு வெளியே எங்களைப் பார்த்துக்கொண்ட கடைக்காரர்களைப் பற்றி நாங்கள் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

தொண்ணூறுகளில் களுபோவிலவிலிருந்து தெஹிவளைச் சந்திக்கு வந்து, காலி வீதியில் பஸ் எடுத்து வெள்ளவத்தைக்குப் படிக்க வந்த பிள்ளைகள் நாங்கள். பாண் விற்ற சிங்கள முதலாளி, கொப்பி பென்சில் விற்ற நானா, வாசலில் அச்சாறு விற்ற ஆச்சி, மிளகாய்த்தூள் அரைத்துத் தந்த யாழ்ப்பாணத்து ஐயா எல்லாருக்கும் எங்கள் வீட்டு நிலைமை தெரியும். மாதக் கடைசியில் கடன் கொப்பியில் ஒரு வரி கூடும். அதைப் பற்றிப் பிள்ளைகளான எங்களிடம் ஒருநாளும் ஒரு சொல் கேட்டதில்லை.

1983 ஜூலையில் காலி வீதியில் தமிழர் கடைகள் எரிந்தன. நாங்கள் அறிந்த கடைகளில் சில, அதன்பின் மீண்டும் திறக்கப்பட்டவை. 1981இல் யாழ்ப்பாணத்தில் எரிக்கப்பட்ட பூபாலசிங்கம் புத்தகசாலையும் கொழும்பில் செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் கிளை திறந்தது. எல்லாம் இழந்தவர்களே எங்களுக்குக் கடன் தந்தார்கள்.

1996 ஜூலை 24 மாலை தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்தபோது, எங்களில் சிலர் டியூஷன் முடிந்து வீதியில் நின்றோம். கைத்தொலைபேசி இல்லாத காலம். பாண் கடை முதலாளி எங்களை உள்ளே கூப்பிட்டு, கதவைப் பாதி சாத்தி, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்தார். "பயப்பட வேணாம் துவே" என்றார். அப்பாமார் வரும்வரை ஒருவரையும் வெளியே விடவில்லை.

வைத்தியர்களான எங்களிடம் இன்று அந்த வயதுக் கடைக்காரர்கள் வருகிறார்கள். நாள் முழுதும் நின்ற கால்களில் புடைத்த நரம்பு, ஆறாத நீரிழிவுப் புண். கடையைப் பார்க்க ஆளில்லாததால் கிளினிக் தவறிவிடுகிறது. சொந்தமாகச் சிறுகடை நடத்தியவருக்கு ஊழியர் சேமலாப நிதியும் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். லண்டன், டொரொன்டோ, சிட்னியிலிருந்து வரும் சகோதரிகளே, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்தப் பழைய கடைகளில் ஏறுங்கள். சாமான் வாங்குங்கள், சுகம் விசாரியுங்கள். கொழும்பில் இருக்கும் நாங்கள், கிளினிக் நாளில் அவர்களுடைய கடையில் முறைவைத்து இருப்போம். அம்மாமார் கடன் கொப்பியில் தீர்த்தது காசுக் கணக்கை மட்டும்தான்.