டச் போன் ஒன்றா, பட்டன் போனும் பாட்டுப் பெட்டியுமா?



கீரமங்கலம் பக்கம் ஒரு மல்லிகைக் கொல்லைக்குப் போயிருந்தேன். செடியில் மொட்டுப் புழு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, கொல்லைக்காரர் மெல்லப் பக்கத்தில் வந்தார். "அய்யா, உரம், மருந்து எல்லாம் சொல்றீங்க. வேற ஒண்ணு கேக்கலாமா? சிங்கப்பூர்ல இருக்கிற மகன் பத்தாயிரத்துக்கு ஒரு டச் போன் வாங்கித் தர்றேங்கிறான். எனக்கு என்னமோ, பேசறதுக்கு ஒரு பட்டன் போனு, கொல்லையில பாட்டுக் கேக்க ஒரு சின்னப் பெட்டி, இது ரெண்டும் போதும்னு படுது. எது சரி?" என்றார்.

'இது வேளாண்மை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லையே' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் இன்றைக்கு மண்வெட்டி இல்லாமல் கூட வயலுக்குப் போகிறோம், போன் இல்லாமல் போவதில்லை. அதனால் இதுவும் ஒரு பண்ணைக் கருவிதான். கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பேசுவதில் தவறில்லை என்று பட்டது.

முதலில் ஒரு கதை சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் நடந்த கதை.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அது நம் மாவட்டத்தை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் வட்டாரத்தில் தென்னையும் பலாவும் வாழையும் ஒரே இரவில் படுத்துவிட்டன. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை.

என் பெரியப்பா மகன் வடகாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அப்போது அவரிடம் இருந்தது ஒரே ஒரு டச் போன். பேச்சு, பாட்டு, செய்தி, டார்ச் விளக்கு எல்லாம் அதில்தான். புயல் இரவில் ஓடு பறக்கிறதா என்று பார்க்க டார்ச் அடித்தார். புயல் எங்கே வருகிறது என்று பார்க்க நெட்டைத் திறந்தார். விடிவதற்குள் போன் கறுத்துப் போய்விட்டது. சார்ஜ் போட கரண்ட் ஏது?

இவருடைய மகனும் சிங்கப்பூரில்தான். அங்கே யாரோ அனுப்பிய படத்தில் ஓர் ஓட்டு வீடு நொறுங்கிக் கிடந்ததாம். நம் வீடோ என்று பையன் துடித்துப்போய், மணிக்கொரு தடவை கூப்பிட்டிருக்கிறான். மூன்றாம் நாள் மெயின் ரோட்டுப் பக்கம் கொஞ்சம் டவர் எட்டியது. பக்கத்து வீட்டுத் தம்பி சார்ஜ் உள்ள பட்டன் போனை நீட்டி, "இந்தாங்க மாமா, மகனுக்குப் பேசுங்க" என்றான். வாங்கிய கையோடு அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். மகன் நம்பர் தெரியாது! நம்பர் செத்துப்போன போனுக்குள்ளே கிடக்கிறது. ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு கடையில் வரிசையில் நின்று சார்ஜ் ஏற்றி, ஐந்தாம் நாள்தான் பேசினார். அப்பா குரலைக் கேட்டதும் அந்தப் பையன் பேசவே இல்லையாம், அழுதானாம்.

பட்டன் போன் வைத்திருந்தால் முதல் நாளே பேசியிருப்பாரா என்றால், இல்லை. டவரே இல்லாதபோது எந்தப் போனும் பேசாது. ஆனால் மூன்றாம் நாள் பேசியிருப்பார். அந்த இரண்டு நாள் வித்தியாசத்தைப் பெற்ற மனத்திடம் கேட்டுப் பாருங்கள்.

அந்த ஐந்து நாளும் அந்தத் தெருவுக்குச் செய்தி சொன்னது எது தெரியுமா? ஒரு அப்பத்தா வைத்திருந்த பழைய டிரான்சிஸ்டர். இரண்டே இரண்டு பேட்டரிக் கட்டை. எங்கே முகாம், எந்த ரோட்டில் மரம் வெட்டியாகிறது, நிவாரணம் பற்றி என்ன அறிவிப்பு என்று திண்ணையில் உட்கார்ந்து எல்லோரும் கேட்டார்கள். விதை நெல்லையும் சாப்பாட்டு நெல்லையும் நாம் ஒரே குதிரில் கொட்டி வைப்பதில்லை அல்லவா? அண்ணன் போன் விஷயத்தில் அப்படிக் கொட்டி வைத்துவிட்டார்.

உடனே, 'டச் போன் வேண்டாம் என்கிறார்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதனால் ஆகிற காரியம் வேறு எதனாலும் ஆகாது. உளுந்தில் மஞ்சள் தேமல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அய்யா, இலை மஞ்சளா இருக்கு' என்று பட்டன் போனில் சொன்னால், எந்த அதிகாரியும் என்ன சொல்ல முடியும்? தேமல் நோயிலும் இலை மஞ்சள், சத்துக் குறைவிலும் இலை மஞ்சள், தண்ணீர் தேங்கினாலும் மஞ்சள். இலையைப் படம் பிடித்து வேளாண்மை உதவி அலுவலருக்கோ, வம்பன் ஆராய்ச்சி நிலையத்தில் தெரிந்தவர்களுக்கோ அனுப்பினால் பார்த்துச் சொல்வார்கள். தேமல் என்றால் அதைப் பரப்புகிற வெள்ளை ஈயைக் கவனிக்க வேண்டும். வெறும் சத்துக் குறைவுக்குப் போய்ப் பூச்சிமருந்து அடித்துக் காசைக் கரியாக்க வேண்டாம். படம் எடுக்கும்போது இலையின் மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, முழுச் செடி ஒன்று என்று மூன்றாக எடுங்கள். வெள்ளை ஈ அடிப்பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும்.

அதேபோல 2018-இல் தமிழக அரசு கொண்டுவந்த உழவன் செயலியில் மானியம், வாடகை இயந்திரம், உர இருப்பு, விலை நிலவரம் எல்லாம் பார்க்கலாம். இடி மின்னல் எந்தப் பக்கம் என்று காட்டுகிற தாமினி செயலியும் இருக்கிறது. திறந்த வெளியில் ஆடு மேய்க்கிறவர்களுக்கு அது உயிர் காக்கிற விஷயம்.

ஆனால் டச் போன் இருந்தால்தான் முடியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற பல காரியங்கள் பட்டன் போனிலேயே முடிந்துவிடும். இதைச் செல் கடையில் சொல்ல மாட்டார்கள்! மோட்டார் ஸ்டார்ட்டரில் சிம் போட்ட கருவி மாட்டியிருந்தால், எந்தப் போனிலிருந்து கூப்பிட்டாலும் மோட்டார் ஓடும், நிற்கும். மும்முனை மின்சாரம் வந்தவுடன் உங்களைக் கூப்பிட்டுச் சொல்கிற கருவியும் உண்டு. அரசு உதவிக்கு வருகிற ஓ.டி.பி. எண் வெறும் குறுஞ்செய்திதான், அதற்குப் பட்டன் போன் போதும். உழவர் அழைப்பு மையம் 2004-இலிருந்து இருக்கிறது. 1800-180-1551 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் கூப்பிட்டுத் தமிழிலேயே கேட்கலாம். பணம் அனுப்பக்கூட, பட்டன் போன்காரர்களுக்கென்று ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் யூ.பி.ஐ. 123பே என்ற வழியைத் திறந்துவிட்டிருக்கிறது.

பிரதமர் கிசான் திட்டத்துக்கு முகத்தைக் காட்டிப் பதிவு செய்கிற வசதி 2023-இல் வந்தது. அதற்கு மட்டும் டச் போன் வேண்டும். அதுவும் ஒருவர் போனிலேயே அக்கம்பக்கத்தாருக்கும் செய்து கொடுத்துவிடலாம். ஆளுக்கொன்று வேண்டியதில்லை.

இனிப் பாட்டு விஷயத்துக்கு வருவோம். பாட்டு என்ன அவ்வளவு முக்கியமா என்று கேட்காதீர்கள். விடியற்காலை மூன்று மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பூ எடுக்கிற பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள். பாட்டு ஓடினால் கை ஓடும். ஆனால் அந்தப் பாட்டு உங்கள் சட்டைப் பையில் இருக்கிற போனில் ஓடினால், நீங்கள் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பும்போது பாட்டும் உங்களோடு கிளம்பிவிடும்! நடுப்பாட்டில் அழைப்பு வந்தாலும் நிற்கும். பென் டிரைவோ மெமரி கார்டோ செருகுகிற சின்னப் பெட்டி என்றால், வேப்ப மரக் கிளையில் தொங்கவிட்டுவிட்டுப் போகலாம். சில பேர் கடலைக்கொல்லையில் இரவில் ரேடியோவைப் பேசவிட்டு வருகிறார்கள், ஆள் இருக்கிறது என்று பன்றி ஒதுங்கட்டும் என்று. பன்றி நாலு நாளில் பழகிக்கொள்ளும் என்பது வேறு விஷயம். பத்தாயிரம் ரூபாய்ப் போனை யாரும் அப்படி விட்டு வர மாட்டோம்.

பெட்டி வாங்கும்போது ரேடியோவும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. போனில் ரேடியோ இருந்தாலும் எஃப்.எம். மட்டும்தான் எடுக்கும், மத்திய அலை எடுக்காது. அந்த எஃப்.எம்.முக்கும், பெரும்பாலான போன்களில், காதில் மாட்டுகிற ஒயரைச் செருக வேண்டும். அந்த ஒயர்தான் ஏரியல். ஒயர் இல்லாத ப்ளூடூத் காதுக்கருவி அந்த வேலையைச் செய்யாது. இப்போது வருகிற பல டச் போன்களில் ஒயர் செருக ஓட்டையே இல்லை, ரேடியோவும் இல்லை. ரேடியோ வசதியை அடைத்துவிடாதீர்கள் என்று மத்திய அரசே 2023-இல் கம்பெனிகளுக்கு அறிவுரை சொல்ல வேண்டி வந்தது. நெட் வழியாக வானொலி கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம், நெட் இருக்கிற வரைக்கும்! வானொலியின் அருமை நம் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். 1966 வாக்கில் ஆடுதுறை 27 நெல்லைத் திருச்சி வானொலி எடுத்துச் சொல்லி, தஞ்சாவூர் விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பேட்டரிக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பட்டன் போனில் சின்னப் பேட்டரிதான், ஆனால் திரையும் சின்னது, ஆகவே ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாலைந்து நாள் தாங்கும். டச் போனில் அதைவிட நாலைந்து மடங்கு பெரிய பேட்டரி இருந்தும் ஒன்றரை நாள் வந்தால் பெரிது. தின்பது திரையும் நெட்டும். டச் போனில்தான் பாட்டுக் கேட்பேன் என்கிறவர்கள், பாட்டைப் போனிலேயே இறக்கி வைத்துக்கொண்டு திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். படத்தோடு ஓடவிட்டால் பேட்டரியும் போகும், நெட்டும் போகும்.

எந்தப் போனானாலும் வரப்பில் வெயிலில் வைக்காதீர்கள், பேட்டரி உப்பிவிடும். மடை திறக்கக் குனிகிறபோது மேல்பையிலிருந்து நழுவி வாய்க்காலில் விழுவது நித்தியம் நடக்கிறது. விழுந்துவிட்டால் உடனே அணைத்து, சிம்மை எடுத்துவிட்டு, காற்றாட உலரவிடுங்கள். காயும்வரை சார்ஜ் போடவே கூடாது. அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கிற வழக்கம் வேண்டாம், அரிசித் தவிடும் துகளும் உள்ளே போய்க் கெடுக்கும் என்று போன் செய்கிற கம்பெனியே 2024-இல் சொல்லிவிட்டது. இடி மின்னலின்போது கையில் போன் இருப்பதால் மின்னல் இழுக்கப்படுவதில்லை. சார்ஜர் ஒயரோடு சேர்த்துப் பிடித்துப் பேசுவதுதான் ஆபத்து. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது இரண்டு காதையும் அடைத்துப் பாட்டுக் கேட்காதீர்கள். பாம்பு சீறுவது கேட்காது.

கீரமங்கலத்துக்காரர் கடைசியில், "அப்ப மகன்கிட்ட என்னதான் சொல்றது?" என்றார். "டச் போனை வாங்கி அனுப்பச் சொல்லுங்க. ஆனா அது வீட்டுக்கு, உங்க பாக்கெட்டுக்கு இல்ல" என்றேன். பிள்ளையை முகம் பார்த்துப் பேச, இலைப் படம் அனுப்ப, விலை பார்க்க அது வீட்டில் இருக்கட்டும். வீட்டம்மாவோ படிக்கிற பேத்தியோ இயக்கட்டும். அவர் பாக்கெட்டில் ஒரு பட்டன் போன். ஆதாருக்கும் பாங்குக்கும் கொடுத்திருக்கிற பழைய சிம் அதில்தான் இருக்க வேண்டும். வாட்ஸப்பில் கண்ட லிங்க்கைத் தொட்டுப் பணத்தை இழக்கிற வம்பு அதில் குறைவு. யார் கூப்பிட்டு ஓ.டி.பி. கேட்டாலும் சொல்லக் கூடாது, இது இரண்டு போனுக்கும் பொது. ஏமாந்துவிட்டால் 1930-க்கு உடனே கூப்பிட வேண்டும்.

இரண்டு சிம்முக்கு ரீசார்ஜ் கட்டுப்படியாகுமா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. நெட் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது. 2025 ஜனவரியிலிருந்து அப்படிப்பட்ட திட்டங்கள் வந்திருக்கின்றன. கடையில் தாமாகச் சொல்ல மாட்டார்கள், பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, ஜியோ சிம் பழைய 2ஜி பட்டன் போனில் வேலை செய்யாது. அதற்கு 4ஜி பட்டன் போன்தான் வேண்டும்.

போன் வாங்குவதற்கு முன்னால், அந்தக் கம்பெனி சிம் போட்ட யாருடைய போனையாவது இரவல் வாங்கிக்கொண்டு உங்கள் போர் அடிக்குப் போய் நின்று டவர் எடுக்கிறதா என்று பாருங்கள். செல் கடை வாசலில் எல்லாப் போனும் நன்றாகத்தான் எடுக்கும்.

வடகாட்டு அண்ணன் வீட்டில் இப்போது மூன்றும் இருக்கின்றன. அதைவிட எனக்குப் பிடித்தது, அவர் வீட்டு உள்சுவரில் கரிக்கட்டையால் பெரிதாக எழுதி வைத்திருக்கிற சிங்கப்பூர் நம்பர். சுண்ணாம்பு அடிக்கும்போதெல்லாம் அந்த இடத்தை மட்டும் விட்டு அடிக்கிறார்கள்.