கைவினையும் பெயரும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



சிறைச்சாலையில் உருவான இரு கைவினைப் பொருள்களைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் வாட்டர்லூ மண்டபம் என்றொரு கூடம் உண்டு. அதற்கென நெய்யப்பட்ட மாபெரும் கம்பளம் நம் நாட்டு ஆக்ரா சிறைக் கைதிகளின் கைவண்ணமாகும். விக்டோரியா அரசியாரின் 1887ஆம் ஆண்டுப் பொன்விழாவை முன்னிட்டு அது நெய்யப்பட்டது. ஒட்டுத் தையல் இல்லாத ஒரே விரிப்பு. எடை 2 டன். 1992இல் கோட்டையில் தீப்பற்றியபோது அதனைச் சுருட்டி அகற்ற 50 படைவீரர்கள் வேண்டியிருந்தனர். அரசியாரின் பெயரை உலகம் அறியும். நெய்தவர் எவர் எனக் கேட்டால், 'கைதிகள்' என்ற ஒரு சொல்லே விடையாகக் கிடைக்கிறது.

மற்றொன்று, ஓர் இணைச் செருப்பு. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் தம் நண்பர் காலன்பாக்கிடம் செருப்புத் தைக்கக் கற்றார். சிறையில் தாம் தைத்த ஓர் இணையைத் தம்மைச் சிறையிட்ட அரசின் அமைச்சர் ஸ்மட்ஸுக்கு 1914இல் அன்பளிப்பாக அளித்தார். பல கோடைகள் அணிந்த ஸ்மட்ஸ், 1939இல் காந்தியடிகளின் 70ஆம் பிறந்தநாளையொட்டி அதனைத் திருப்பியனுப்பினார். தைத்தவர் பெயரால் அச்செருப்பு வரலாறாயிற்று.

இளைஞர்களே! பாரிஸ்டர் ஒருவர் விரும்பித் தோலைத் தொட்டால் அது தொண்டு. நம் பாட்டனார் தொட்டால் அது தீட்டு. இஃது எவ்வகை நீதி? நம் வட்டாரத்தில் கமலைக்குத் தோல் தைத்தவர்கள் நம் முன்னோர். அக்கமலை இறைத்த நீரால் வயல்கள் விளைந்தன. தைத்தவருக்கோ ஊர்க் கிணற்றில் நீர் மொள்ள உரிமையில்லை. ஆக்ராக் கைதிக்கு நாற்புறமும் சுவர் இருந்தது; தண்டனைக்கு ஒரு முடிவும் இருந்தது. நம் முன்னோர் இருந்ததோ சுவரில்லாச் சிறை. தண்டனைக்காலம் தலைமுறை தலைமுறையாக நீண்டது.

அத்தொழிலுக்கே திரும்புங்கள் என்று நாம் கூறவில்லை. பிறப்பைக் காட்டித் தொழிலைச் சுமத்தும் கொடுமையை அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் தெளிவாக எடுத்துக்காட்டினார். எத்தொழிலையும் தேர்ந்துகொள்ளும் உரிமையே நமக்கு வேண்டும். அவ்வுரிமைக்குக் கல்வியே திறவுகோல்.

ஆயினும், பள்ளியில் தந்தையின் தொழிலைக் கேட்கும்போது நம் பிள்ளைகள் தலைகுனிகிறார்கள். அந்நிலை மாறவேண்டும். இழிவு தொழிலில் இல்லை. இழிவென்று சொன்ன நாவிலேதான் இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இன்று இல்லம் சென்றதும் வீட்டு முதியோரிடம் அமருங்கள். உளி பிடித்தவர், ஊசி பிடித்தவர், பறை கட்டியவர் யார் யாரெனக் கேட்டு, பெயரோடு எழுதி நம் சங்கத்தில் சேர்ப்பியுங்கள். எழுதத் தெரிந்த முதல் தலைமுறை, எழுதப்படாத தலைமுறைகளுக்குப் பட்ட கடன் அது.