ஓடுகிற கால்களுக்குச் சாட்சி எங்கே?

(புதுக்கோட்டை மாவட்டம் ஆவூரில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஜல்லிக்கட்டுக்குப் பேர்போன மண் இது. வாடிவாசலில் காளை பாய்ந்தால் நூறு செல்போன்கள் படம் பிடிக்கின்றன. அந்தக் காளையின் பெயரும் வயதும் அது எத்தனை வாடியில் பிடிபடாமல் போனது என்பதும் நம் இளைஞர்களுக்கு மனப்பாடம். ஆனால் அதே ஊரில் வெறுங்காலோடு ஓடும் தம்பியைக் கேளுங்கள். 400 மீட்டரை எத்தனை வினாடியில் ஓடுகிறாய் என்றால் அவனுக்கே தெரியாது! காளைக்கு இருக்கிற சாட்சி நம் பிள்ளைக்கு இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பையன். நல்ல கால்பந்து வீரன். பிளஸ் டூ முடித்ததும் ஒரு கல்லூரியில் போய் நின்றான். "சான்றிதழ் இருக்கிறதா?" என்றார்கள். இல்லை. "நீ ஆடிய வீடியோ ஏதாவது?" என்றார்கள். இருந்தது. சினிமாப் பாட்டோடு, பாதி வேகத்தில் ஓடும் முப்பது வினாடித் துண்டு! அதில் எவன் இவன் என்றே தெரியவில்லை. அவன் அத்தா அவனை உறவினர் கடையில் கொண்டுபோய் விட்டார். கடை வேலை இழிவல்ல, ஹலாலான உழைப்பு. ஆனால் அவனுக்குத் திறந்திருந்த இன்னொரு கதவு, யாரும் தட்டாமலே மூடிப்போனது.

அந்தக் கதவு எது? தமிழகத்தில் அரசுக் கலைக் கல்லூரிகளின் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்விலும் பொறியியல் சேர்க்கையிலும் விளையாட்டு வீரர்களுக்குத் தனி இடங்கள் உண்டு. அணியைப் பலப்படுத்த விரும்பும் தனியார் கல்லூரிகள் சில, திறமையுள்ள மாணவருக்குக் கட்டணத்திலும் விடுதியிலும் சலுகை தருகின்றன. படிப்பு முடிந்தபின் மாநில அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2007-ல் நாம் போராடிப் பெற்ற 3.5 சதவீத இடஒதுக்கீட்டைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஏற்கெனவே திறந்திருக்கும் இந்த வாசலைப் பற்றி எத்தனை ஜும்ஆ மேடைகளில் பேசினோம்?

வீடியோ என்ன செய்யும்?

அமெரிக்கக் கல்லூரிகளில் பயிற்சியாளர்கள் மாணவரின் ஆட்ட வீடியோவைப் பார்த்துத் தேர்வுக்கு அழைப்பது நீண்டநாள் வழக்கம். நம் நாட்டிலும் 2017 ஆகஸ்டில் மத்திய விளையாட்டு அமைச்சகம் திறமை தேடும் இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. சிறுவர்கள் தங்கள் விவரத்தையும் வீடியோவையும் அதில் பதியலாம் என்று அறிவித்தது. கென்யாவின் ஜூலியஸ் யேகோ, ஈட்டி எறிதலை யூடியூப் பார்த்துக் கற்றவர். 2015 பெய்ஜிங் உலகப் போட்டியில் 92.72 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். வீடியோ கற்பிக்கவும் செய்யும், காட்டவும் செய்யும்.

ஆனால் ஏமாந்துவிடாதீர்கள். 2019-ல் மத்தியப் பிரதேசத்து இளைஞர் ஒருவர் வெறுங்காலோடு 100 மீட்டரை 11 வினாடியில் ஓடியதாக வீடியோ நாடெங்கும் பரவியது. போபாலில் முறையான தேர்வு ஓட்டம் வைத்தார்கள். அவர் கடைசியாக வந்தார். குற்றம் அவருடையது அல்ல. முறையாக அளந்த தடமும் கடிகாரமும் பயிற்சியும் இல்லாமல் புகழை மட்டும் ஏற்றிவிட்டவர்களுடையது. வீடியோ உங்களைத் தேர்வு மைதானம் வரை அழைத்துச் செல்லும். உள்ளே ஓட வேண்டியது உங்கள் கால்கள்தான். சேர்க்கைக்குச் சட்டப்படி கேட்கப்படுவது சான்றிதழ்தான்.

எப்படி எடுப்பது?

தம்பிகளே, குறித்துக்கொள்ளுங்கள். செல்போனைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். முதலில் முகம் காட்டி, பெயர், பிறந்த தேதி, உயரம், படிக்கும் வகுப்பு, ஆடும் இடம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். ஓட்டம் என்றால் தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டாமல், அளந்த தடத்தில், நேரம் தெரியும்படி எடுங்கள். கால்பந்து, கபடி என்றால் உண்மையான போட்டியில் எடுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் உங்களை வட்டமிட்டுக் காட்டுங்கள். சிறந்ததை முதலில் வையுங்கள். மூன்று, நான்கு நிமிடம் போதும். பாட்டு வேண்டாம். ஒரு முழுப் போட்டியின் பதிவையும் தனியாக வைத்திருங்கள். நல்ல பயிற்சியாளர் அதைத்தான் கேட்பார். இணைப்பு பெற்றவர் மட்டும் பார்க்கும்படி யூடியூபில் ஏற்றி, கல்லூரியின் உடற்கல்வி இயக்குநருக்குச் சான்றிதழ் நகல்களோடு அனுப்புங்கள். பிளஸ் டூ தேர்வு முடியும்வரை காத்திருக்காமல் முன்பே அனுப்புங்கள்.

பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் இரண்டாவதாக ஓடி வந்த சாந்தி, இதே மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். பெண் பிள்ளைகளின் பதிவு பெற்றோர் கைவசமே இருக்கட்டும். கேட்ட கல்லூரிக்கு மட்டும் பெற்றோரே அனுப்பட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். வயதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். அது பொய், அமானிதத்திற்குத் துரோகம், பிடிபட்டால் வாசலே மூடும். "வீடியோ அனுப்பு, பணம் கட்டு, அணியில் சேர்க்கிறேன்" என்று வருபவனிடம் ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள்.

வணிகர்களுக்கு ஒரு வார்த்தை

நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதையும் ஹதீஸ்களில் படிக்கிறோம். விளையாட்டு வீண் வேலை என்று பிள்ளையை அதட்டும் முன் இதை நினையுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது பெரிதல்ல. ஒரு ஜோடி ஓட்டக் காலணி, ஓர் அளவு நாடா, ஒரு நிறுத்துக் கடிகாரம், திருச்சிக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணம். முதலமைச்சர் கோப்பைப் போட்டிக்கு இணையத்தில் பதிய உங்கள் கடைக் கணினியில் அரை மணி நேரம். 2024-ல் அந்தப் போட்டியின் மாநிலத் தனிநபர் முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய். அதைவிடப் பெரியது அங்கே கிடைக்கும் சான்றிதழ்!

ஜாதி, மதம் பாராமல் ஊரில் ஓடும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைச் செய்யுங்கள். அடுத்த ஞாயிறு அதிகாலை ஃபஜ்ருக்குப் பின் மைதானத்தில் தடத்தை அளப்போம். கடிகாரத்தை யார் கொண்டுவருகிறீர்கள் என்று இப்போதே கை உயர்த்துங்கள்.

அல்லாஹ் நம் முயற்சிகளை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.