"ஆர்மிக்குப் போகலாமா அண்ணா?"

(ஞாயிறு மாலை நமது மாவட்டத் தகவல் தொழில்நுட்ப அணி நடத்திய மேற்படிப்பு, வேலைவாய்ப்பு சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டதால் முழுமையாக இங்கே பகிர்கிறோம்.)



மேடையில் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. நான் பேஜில் போஸ்டர் போடுகிற ஆள். மைக்கைப் பிடித்தால் கை நடுங்குது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நம்ம பேஜுக்கு ஒரு தம்பி மெசேஜ் போட்டிருந்தான். "அண்ணா, பிளஸ் டூ முடிச்சிட்டேன். ஆர்மிக்குப் போகலாமா? அப்பா வேணாங்கிறார்." அந்த நேரத்தில் நான் ஒரு வீரவணக்கம் போஸ்டர்தான் செய்துகொண்டிருந்தேன். யோசிக்கவே இல்லை. "சல்யூட் தம்பி, போய் வா" என்று அடித்து, ரெண்டு கொடி எமோஜியும் போட்டு அனுப்பிவிட்டேன். உடனே பதில் வந்தது: "நாலு வருஷம் கழிச்சு என்ன அண்ணா பண்றது?"

என்னிடம் பதில் இல்லை. வெட்கமாக இருந்தது. வீரவணக்கம் போஸ்டர் செய்ய எனக்குப் பத்து நிமிஷம் போதும். அவன் கேட்டது அவனுடைய வாழ்க்கையை. அதனால் அறிவிப்புகளை உட்கார்ந்து படித்தேன், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் மாமாவிடம் போய்க் கேட்டேன். இன்னைக்கு நான் பேசப்போறது அந்தத் தம்பிக்கு அப்பவே சொல்லியிருக்க வேண்டிய பதில்.

முதலில், ஏன் போகலாம்?

நம்ம வேலூர் மாவட்டத்துக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே கூப்பிடுவார்கள். குன்னூர் வெலிங்டனில் பயிற்சி மையம் வைத்திருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் வரலாறு 1758-ல் தொடங்குகிறது. கல்வான் பள்ளத்தாக்கில் 2020 ஜூனில் உயிர்கொடுத்தவர்களில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர். அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. மேஜர் முகுந்த் வரதராஜன் யார் என்று இங்கே யாரும் கேட்க மாட்டீர்கள். அந்த மரியாதை உண்மையானது.

மரியாதை மட்டும் சோறு போடாது. கணக்கையும் பார்ப்போம், நான் இன்ஜினியரிங் படித்தவன். 2022 ஜூன் 14 அன்று அறிவித்த அக்னிபத் திட்டப்படி, அக்னிவீரருக்கு முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாய். அடுத்தடுத்த வருஷங்களில் 33,000, 36,500, 40,000. இதில் 30 சதவீதத்தைப் பிடித்து 'சேவா நிதி'யில் போடுகிறார்கள். கைக்கு வருவது 21,000-ல் தொடங்கி 28,000 வரை. நாலு வருஷத்துக்குக் கூட்டினால் கையில் சுமார் 11.7 லட்சம். பிடித்த 5.02 லட்சத்தோடு அரசும் அதே தொகையைப் போட்டு, வட்டியோடு முடிவில் தருவது சுமார் 11.71 லட்சம், அதற்கு வருமான வரி இல்லை. ஆக மொத்தம் 23 லட்சத்துக்கு மேல். சாப்பாடு, உடை, தங்குமிடம் தனி.

என் முதல் வேலையில் கைக்கு வந்தது 18,000. சென்னையில் ரூம் வாடகை, சாப்பாடு போக ஊருக்கு அனுப்பியது மூவாயிரம். அதனால் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த ஒரு பையனுக்கு இது சின்னப் பணம் இல்லை. வீட்டில் வட்டிக்கு வாங்கிய கடன் இருந்தால் அதை அடைக்கலாம். தங்கச்சி படிப்புக்கு ஆகும். பத்தாவதோடு சேர்ந்தவர்களுக்கு முடிவில் பன்னிரண்டாவதுக்கு இணையான சான்றிதழும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லணும். அங்கே பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்தில் ஓடினால் முழு மதிப்பெண் 60. பத்து புல்-அப்ஸ் எடுத்தால் 40. கடிகாரத்துக்கு உன் சாதி தெரியாது, உன் அப்பா யாரென்றும் தெரியாது.

சரி. ஏன் யோசிக்கணும்?

ஒன்று, நாலு வருஷம். முடியும்போது நிரந்தரமாக எடுத்துக்கொள்வது அதிகபட்சம் 25 சதவீதம். நாலு பேர் போனால் மூணு பேர் திரும்பி வரணும். வருகிறவருக்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதி இல்லை, கேன்டீன் கார்டு இல்லை, ஈ.சி.எச்.எஸ். மருத்துவ வசதி இல்லை. இது வதந்தி இல்லை, திட்டத்தின் விதிமுறையே. மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைபிள்ஸிலும் 2022-ல் 10 சதவீத இடஒதுக்கீடு அறிவித்தார்கள். ஒதுக்கீடு இருந்தாலும் தேர்வு எழுதி ஜெயிக்கணும்.

இங்கேதான் நம்ம வீட்டுப் பெரியவர்கள் ஏமாந்துபோகிறார்கள். என் மாமா 24 வருஷம் இருந்து ஹவில்தாராக வந்தார். இன்றைக்கும் ஓய்வூதியம் வருது, அத்தைக்கு வைத்தியம் நடக்குது. "ஆர்மின்னா கடைசி வரைக்கும் சோறு" என்று ஊரே நம்புவது அவரைப் பார்த்துத்தான். அந்த ஆர்மியும் இப்போ பையன் சேரப்போற ஆர்மியும் வேலையில் ஒன்று, வாக்குறுதியில் வேறு.

இரண்டு, வீட்டை விட்டு இருப்பது. அக்னிவீரருக்கு வருஷத்துக்கு 30 நாள் லீவு. மாமாவிடம் "கஷ்டம் எது மாமா, குளிரா?" என்று கேட்டேன். "குளிருக்குக் கோட்டு குடுப்பான்டா. உங்க அத்தைக்குப் பொண்ணு பொறந்தப்ப நான் பாத்தது எட்டு மாசம் கழிச்சு. அது என்னைப் பாத்து அழுதுச்சு. அதுக்கு என்ன குடுப்பான்?" என்றார். அதுக்கு மேல நான் கேட்கலை.

மூன்று, உயிர். இதைச் சுற்றிவளைக்கக் கூடாது. அக்னிவீரருக்கு 48 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு, அதற்கு அவர் பணம் கட்ட வேண்டாம். பணியால் உயிர் போனால் கூடுதலாக 44 லட்சம் கருணைத் தொகை. உடல் ஊனமானால் அளவைப் பொறுத்து 44, 25, 15 லட்சம். இந்த எண்களை அப்பா அம்மா முன்னாடி உட்கார்ந்து வாய்விட்டுப் படி. படிக்க முடியலைன்னா, நீ இன்னும் தயாராகலை.

நான்கு, சுதந்திரம். ராணுவத்தில் இருக்கிறவர் கட்சி உறுப்பினர் ஆக முடியாது, கூட்டத்தில் பேச முடியாது. உத்தரவு பிடிக்கலை என்று ராஜினாமா கடிதம் நீட்டிவிட்டு வீட்டுக்கு வரவும் முடியாது. நம்ம பேஜில் ராத்திரி ஒரு மணிக்குக் கமெண்ட் சண்டை போடுகிற தம்பிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கவும். கையில் தலைவர் படத்தைப் பச்சை குத்திக்கொள்ளும் முன்பும் யோசிக்கவும்; நிரந்தரப் பச்சைக்குக் கட்டுப்பாடு இருக்கு. சேரும்போது போலீஸ் சரிபார்ப்பும் உண்டு.

இன்ஜினியரிங், டிகிரி படிக்கிறவர்களுக்கு வேறு வாசல் இருக்கு. அதை நம்ம ஊரில் யாரும் சொல்வதே இல்லை. அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் ஓ.டி.ஏ. நம்ம சென்னை பரங்கிமலையிலேயே இருக்கு. டிகிரிக்காரர்கள் சி.டி.எஸ். தேர்வு எழுதலாம். என்.சி.சி. 'சி' சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாத தனி வழி இருக்கு. இன்ஜினியர்களுக்கு எஸ்.எஸ்.சி. டெக் இருக்கு, அதிலும் எழுத்துத் தேர்வு கிடையாது, டிகிரி மதிப்பெண் பார்த்து நேரே ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. நேர்முகம். லெப்டினன்ட்டின் அடிப்படைச் சம்பளம் 56,100-ல் தொடங்குது. பத்து வருஷம், விரும்பினால் இன்னும் நாலு. பெண்களுக்கும் இந்த வாசல் திறந்திருக்கு. 2020-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பெண் அதிகாரிகளின் நிரந்தரப் பணிக்கு வழி செய்தது. என்.டி.ஏ.விலும் 2022 முதல் பெண்கள் சேர்கிறார்கள். தங்கைகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசுறேன்.

நானும் போனேன். பி.இ. முடித்த வருஷம் எஸ்.எஸ்.பி. போய் முதல் நாளே திருப்பி அனுப்பினார்கள். படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்லி, அதைக் குழுவாகப் பேசச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் சத்தமாகப் பேசுகிற பதினைந்து பேர் நடுவில் நான் வாயே திறக்கலை. பயிற்சி இல்லாமல் போனது என் தப்பு. அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். கல்லூரியிலேயே குழு விவாதம் பழகுங்கள்.

நம்ம ஆதரவாளர்களுக்கும் ஒரு வார்த்தை. அக்னிபத் அறிவித்தபோது பீகாரிலிருந்து செகந்திராபாத் வரை இளைஞர்கள் கொதித்தார்கள். நாலு வருஷம் என்பது போதாது என்பதே என் கருத்தும். ஆனால் திட்டத்தை விமர்சிப்பது வேறு, அதில் சேர்ந்த பையனைக் "கூலிக்குப் போறான்" என்று கமெண்ட் போடுவது வேறு. முதல் அணி 2023 ஜனவரியில் பயிற்சிக்குள் போனது. நாலு வருஷம் முடித்து ஊர் திரும்புகிறவர் எந்தப் பேட்ச்சாக இருந்தாலும், அவருக்கு வேலை எங்கே என்று கேட்க வேண்டியது நம்ம பொறுப்பு. அவர் இறந்தால்தான் போஸ்டர் போடுவோம், உயிரோடு வந்தால் கண்டுக்க மாட்டோம் என்றால் அது வணக்கமே இல்லை.

முடிவாக, அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான்.

👉 வேற வேலை கிடைக்கலை என்ற ஒரே காரணத்துக்காகப் போகாதே. அந்த வாழ்க்கை பிடிச்சிருந்தால் போ.
👉 போனால் முதல் நாளிலேயே ஐந்தாவது வருஷத்துக்குத் திட்டம் வை. தொலைநிலைப் படிப்பில் டிகிரிக்குச் சேர். சேவா நிதியைக் கல்யாணச் செலவுக்கு என்று வீட்டில் இப்போதே பேசாதே.
👉 அறிவிப்பை ஜாயின் இந்தியன் ஆர்மி இணையதளத்தில் நீயே படி. வயது வரம்பும் பிறந்த தேதியும் அந்தந்த வருஷ அறிவிப்பில் இருக்கும். பொது நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.
👉 "ரெண்டு லட்சம் குடு, ஆளு இருக்கு" என்று எவன் வந்தாலும், நம்ம கட்சிக்காரனே ஆனாலும், போலீஸில் சொல்.
👉 அப்பாவிடம் சண்டை போடாதே. அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேள்.

அவன் கேட்டிருக்கிறான். அப்பா சொன்னது ரெண்டே வார்த்தை: "ஒரே பையன்." அதுக்கு எந்த அறிவிப்பிலும் பதில் இல்லை. இப்போ ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்து, என்.சி.சி.யில் பெயர் கொடுத்திருக்கிறான். காலையில் ஐந்து மணிக்கு மைதானத்தில் ஓடுறான். அப்பா சைக்கிளில் உட்கார்ந்து நேரம் பார்க்கிறாராம். போன வாரம் ஆறு நிமிஷம் பத்து விநாடி. போவானா மாட்டானா, எனக்குத் தெரியாது. எதில் கால் வைக்கிறான் என்று அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் இப்போ தெரியும்.

கேள்விகள் இருந்தால் கமெண்டில் போடுங்கள். நம்ம பேஜைப் பின்தொடரும் முன்னாள் ராணுவ வீரர்கள், ஐயாக்கள், தயவுசெய்து வந்து பதில் சொல்லுங்கள். நான் சொன்னதில் தப்பு இருந்தால் திருத்துங்கள்.



#ஆர்மிக்குப்போகலாமா #இளைஞர்வழிகாட்டி
(பிளஸ் டூ முடித்த தம்பி தங்கைகள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் பகிருங்கள்.)