ஆதிசேஷன் தலையும் அளவுகோலும்

(சேக்காட்டில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



பூமி ஏன் நடுங்குகிறது என்று நம் வீட்டுப் பாட்டியைக் கேட்டால், ஆதிசேஷன் தலையை அசைக்கிறான் என்பாள். பாட்டியை நான் குறை சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களைத்தான் கேட்கிறேன்: தலை எத்தனை அங்குலம் அசைந்தது, அளந்தீர்களா?

1934 ஜனவரி 15-ல் பீகாரில் பெரும் பூகம்பம் உண்டாயிற்று. அது தீண்டாமைப் பாவத்திற்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றார் காந்தியார். தாகூரே அதை மறுத்தார். தீண்டாமை ஒழிய வேண்டியதுதான். ஆனால் கொடுமை செய்தவனுக்குத் தண்டனை என்றால், கொடுமைப்பட்டவன் குடிசையும் இடிவானேன்?

இனி அளந்தவர்கள் சங்கதியைக் கேளுங்கள். 1802-ல் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, நமக்குத் தென்கிழக்கேயுள்ள பரங்கிமலையிலிருந்து சுமார் ஏழரை மைல் தூரத்தைச் சங்கிலியால் அளந்தார். அதுவே நம் நாட்டுப் பெரும் நில அளவைக்கு அடிப்படையாயிற்று. ஆனால் நிலமே நகர்வதைக் காட்ட அச்சங்கிலியால் ஆகாது. இன்று சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் சுற்றுகின்றன. அவற்றிலுள்ள அணுக்கடிகாரங்களின் நேரம் ரேடியோ அலையாக வருகிறது. பாறையில் ஊன்றிய கருவி, அலை வந்துசேர ஆன நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு துணைக்கோள்கள் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். வருஷக்கணக்காக அளந்து வந்தால் மில்லிமீட்டர் நகர்ச்சியும் தப்பாது.

அப்படி அளந்ததில் தெரிந்ததென்ன? நம் சேக்காடும் பரங்கிமலையும் சேர்ந்தே, ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கின்றன. இமயத்தின் குறுக்கே மட்டும் நிலம் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நெருக்கப்படுகிறது. ஒருவன் 70 வயது வாழ்வதற்குள் அது நாலரை அடியாகிறது! வளைத்த மூங்கிலைப் போல் பாறை பொறுத்துப் பொறுத்து, ஒருநாள் திமிறுகிறது. 2015 ஏப்ரல் 25-ல் நேபாளத்தில் திமிறியபோது, காத்மாண்டு நிலம் சில விநாடிகளில் ஒரு மீட்டருக்கு மேல் தெற்கே தள்ளப்பட்டதைக் கருவிகள் காட்டின. ஏறக்குறைய 9,000 பேர் மாண்டனர்.

தோழர்களே! எந்த நாளில் நடுங்கும் என்று கருவி சொல்லாது. சொல்லுகிற ஜோசியனையும் நம்பாதீர்கள். எங்கே நெருக்கம் சேர்ந்திருக்கிறது என்பதைக் கருவி சொல்லும். மனிதனைப் பெரும்பாலும் கொல்வது பூமியின் ஆட்டமல்ல, இடிந்து விழும் சுவர். ஆகவே, சாந்தி ஹோமத்திற்குச் செலவழிக்கும் பணத்தைச் சுவரை உறுதியாக்கச் செலவழியுங்கள். இதையும் நான் சொன்னேன் என்பதற்காக ஏற்காமல், உங்கள் அறிவைக் கொண்டு விசாரித்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கூறி முடித்துக்கொள்கிறேன்.