நேரமும் வேலையும் எழுதும் கொப்பி

(மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் புகும் மாணாக்கருக்கு இரண்டொரு வார்த்தை சொல்லுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தார்கள். ஆராய்ச்சி முறைகளைச் சொல்லித்தர உங்கள் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். யான் சொல்லப்போவது மிகச் சிறிய ஒரு காரியம். கட்டுரைக்காக நாள்தோறும் எவ்வளவு நேரம் உழைத்தோம், அந்நேரத்தில் என்ன செய்தோம் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வைத்தலே அது. இதற்கும் ஒரு சொற்பொழிவு வேண்டுமா என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆகையால், அதைச் செய்யாமல் யான் இழந்ததை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

1981ஆம் ஆண்டு யான் மாணாக்கனாய் இருந்தேன். எங்கள் பகுதியிலுள்ள பழைய பாடசாலைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுத முயன்றுகொண்டிருந்தேன். யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே ஒரு நாள் பழைய பத்திரிகைக் கட்டொன்றைப் புரட்டியபோது, பல நாளாகத் தேடிய செய்தி கிடைத்தது. மகிழ்ச்சி மிகுதியால் செய்தியை மாத்திரம் ஒரு துண்டுக் காகிதத்திற் குறித்துக்கொண்டு வீடு திரும்பினேன். பத்திரிகையின் திகதியையும் பக்கத்தையும் எழுதவில்லை. அடுத்த கிழமை போய்ப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். அவ்வாண்டு மே மாதம் 31ஆந் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் அந்நூலகமும், அதிலிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின.

என் ஆசிரியர் அத்துண்டுக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "நீ கண்டாய் என்பதை நான் நம்புகிறேன், தம்பி. ஆனால் வாசிப்பவர் எதைக்கொண்டு நம்புவார்?" என்றார். அப்பகுதியை யானே வெட்டி எறிந்தேன். நூலகம் எரிந்தது என் குற்றமன்று. அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டது என் குற்றமே.

நிற்க. இவ்வழக்கத்தை வாழ்நாள் முழுவதும் கைக்கொண்ட ஒருவர் ருஷ்ய தேசத்திலே இருந்தார். அலெக்சாந்தர் லியூபிஷேவ் என்னும் அவர் பூச்சியியல் அறிஞர். 1916ஆம் ஆண்டு தொடக்கம் 1972இல் இறக்கும்வரை, 56 ஆண்டுகளாகத் தமது நேரத்துக்குக் கணக்கு எழுதினார். இன்ன வேலைக்கு இத்தனை நிமிடம் என்று குறித்து, இடையில் ஓய்ந்த நேரத்தைக் கழித்துவிடுவார். மாதமுடிவிலும் ஆண்டுமுடிவிலும் கூட்டிப் பார்ப்பார். அவரைப் பற்றித் தானீல் கிரானின் என்னும் எழுத்தாளர் 1974இல் ஒரு நூலே வெளியிட்டார். இங்கிலாந்து தேசத்து விஞ்ஞானி மைக்கல் பரடேயும் தம் சோதனைகளை நாள்வாரியாக எழுதி, பந்திகளுக்கு எண்ணிட்டார். அவ்வெண் 16,000ஐத் தாண்டிற்று. பயன்தராத சோதனைகளையும் அவர் மறைக்காமல் எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது.

நீங்கள் அத்துணை தூரம் போகவேண்டியதில்லை. ஒரு கொப்பியை எடுத்து ஆறு நிரல்கள் கீறுங்கள்: திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், செய்த வேலை, பார்த்த நூலும் பக்கமும், அடுத்துச் செய்யவேண்டியது. இரவிலே நினைவுகூர்ந்து எழுதாமல், வேலை முடிந்த கையோடு எழுதுங்கள். கைத்தொலைபேசியில் எழுதுவோர் வேறோரிடத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதற்கிழமை வெட்கமாகவே இருக்கும். காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை படித்ததாக நாம் சொல்லிக்கொள்வோம். தேநீருக்கு 25 நிமிடம், நண்பனோடு பேச்சு 40, பத்திரிகை 30, பேனை தேடியது 15 என்று கழித்தால், எஞ்சுவது 2 மணித்தியாலமும் 10 நிமிடமுமே. அந்த உண்மை நல்லது. இருபது பக்கம் வாசித்துக் குறிப்பெடுக்க ஒரு மணித்தியாலம் போதுமென்று நினைத்திருப்பீர்கள். கொப்பி இரண்டரை என்று காட்டும். அப்படியானால் மீதி 200 பக்கத்துக்கு வேண்டியது 10 மணித்தியாலமன்று, 25. கடைசிக் கிழமையில் அழுவதிலும் முதல் மாதத்தில் இதனை அறிவது மேலல்லவா?

ஒன்றும் செய்யாத நாளில் "ஒன்றும் செய்யவில்லை" என்றே எழுதுங்கள். ஆசிரியருக்குக் காட்டுவதற்காகப் பொய் எழுதுவதிலும் எழுதாமலிருப்பது நன்று. கணினி நொடிப்பொழுதிற் கட்டுரை எழுதித் தரும் இக்காலத்திலே, "இது உன் உழைப்புத்தானா?" என்று கேட்கப்படும் மாணவர் பலர். அக்கேள்விக்கு இக்கொப்பி முழு விடையாகாதெனினும், நீங்கள் நடந்துவந்த வழியைக் காட்டும். வழிதவறிய இடங்களையுங் காட்டும்.

நாளொன்றுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் இதற்குச் செலவிடவேண்டாம். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை அடுத்த கிழமைக்கென்று தள்ளிவிடாதீர்கள்.