புது மண்ணில் காலூன்றுவோம்



1926-இல் ஓடத் தொடங்கிய 'ரஜூலா' கப்பல் 1970-கள் வரை நம்மவர்களைச் சுமந்து வந்தது. போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், இறங்கிய நம் பாட்டன்மாருக்குப் பால்மரமும் புதிது, பேச்சும் புதிது. ஆனாலும் காது கொடுத்துக் கேட்டவர்கள் கண்டுகொண்டார்கள்: மலாய்க்காரர் சொல்லும் 'கெடாய்' நம்ம கடைதான், 'காப்பால்' நம்ம கப்பல்தான். பாதி மிரட்சி அப்போதே போயிற்று.

இன்று ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் அது புது நாடுதான். பாடங்கள் பெரும்பாலும் மலாயில். "நான் போகமாட்டேன்" என்று அழலாம். பெற்றோர்களே, அடிக்காதீர்கள், பள்ளியை நிறுத்தியும் விடாதீர்கள். "இன்னிக்கு என்ன புதுசா கேட்டே?" என்று தினமும் விசாரியுங்கள். வீட்டில் தமிழே பேசுங்கள். ஒரு கால் ஊன்றி நின்றால்தானே மறுகாலை எடுத்து வைக்கலாம்!